பிள்ளைகளைக் கல்லறைக்கும் அழைத்துச் செல்லுங்கள்

இந்த வாரத் தியானப் பகுதி: யோசுவா 4:1-7, எபேசியர் 2:14-18



நம் கடப்பாக்கத்தைச் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களில் ஒன்றில், ஒரு பள்ளி தன் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு நாள் கல்விச் சுற்றுலாவுக்குத் திட்டமிட்டது. போகும் வழியில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையும் அதற்குள் இருக்கும் பழைய கல்லறைகளும்; பின்பு சென்னைச் சேப்பாக்கம் விளையாட்டரங்கம்; பிற்பகலில் நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டம். சுற்றறிக்கை வீடுகளுக்குச் சென்றதும் எதிர்ப்பு எழுந்தது. விளையாட்டரங்கத்தை எவரும் மறுக்கவில்லை, கல்லறைகளைத்தான் மறுத்தார்கள். மறுத்தவர்களில் நம் சபையாரும் இருந்தார்கள். முடிவில் கல்லறைகள் இரண்டும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன; அவற்றுக்குப் பதிலாக நீர் விளையாட்டுப் பூங்கா ஒன்று சேர்க்கப்பட்டது.

இந்த மாற்றம் தவறானது என்று சொல்லவே இவ்வாரம் எழுதுகிறேன். பள்ளி நிர்வாகத்தைக் காட்டிலும் நம்மையே, விசுவாசிகள் என்று பெயர்பெற்ற நம்மையே, நோக்கிச் சொல்கிறேன். எதிர்ப்புக்கு நாம் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதற்காரணம் அச்சம். பிள்ளைகள் இரவில் பயந்து எழுவார்கள் என்கிறீர்கள். அதே பிள்ளைகள் உங்கள் கைப்பேசியில் ஒவ்வொரு நாளும் எத்தனை கொலைகளைக் காண்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில், மெழுகுவர்த்தியும் பூமாலையும் ஏந்தி, அவர்களைத் தாத்தா பாட்டியின் கல்லறைக்கு அழைத்துச் செல்கிறவர்கள் நம்மில் பலர் அல்லவா? அன்று வராத பயம் ஆசிரியருடன் சென்றால் மட்டும் ஏன் வருகிறது? நம்முடையது 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட கடற்கரை. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதை, அதற்குப் பின் பிறந்த இப்பிள்ளைகளுக்கு யாரேனும் சொல்லத்தானே வேண்டும்? மரணத்தை அவர்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டால் அது இல்லாமற்போகாது. ஒருநாள் அது வீட்டுக்குள் வரும்போது, அதைக் குறித்து ஒரு சொல்லும் கற்றிராத பிள்ளையாகவே அவர்கள் நிற்பார்கள்.

இரண்டாவது காரணத்தை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் சிலரே. "அங்கெல்லாம் போய்விட்டு வந்து அப்படியே வீட்டுக்குள் நுழைவதா?" என்று அது முணுமுணுப்பாக வெளிப்படுகிறது. தீட்டு என்ற சொல்லை நாம் உச்சரிப்பதில்லை. அதன் நினைவு மட்டும் நம்மை விட்டு நீங்கவில்லை. நாயீன் ஊர் வாசலில் விதவையின் மகனைச் சுமந்து வந்த பாடையை நம் ஆண்டவர் தொட்டார். தொட்டால் தீட்டு என்று கூட்டம் முழுவதும் அறிந்திருந்த இடத்தில், கைநீட்டித் தொட்டார். வாக்குத்தத்த நாட்டில் ஆபிரகாம் விலைகொடுத்துத் தனக்கென்று பெற்ற முதல் நிலம், நானூறு சேக்கல் வெள்ளிக்கு வாங்கிய கல்லறை நிலம். உயிர்த்தெழுதலின் நற்செய்தி முதன்முதலில் அறிவிக்கப்பட்ட இடமும் ஒரு கல்லறைத் தோட்டமே. அதைக் கேட்டவர்கள் விடியற்காலையில் அங்கே செல்ல அஞ்சாத பெண்கள். கல்லறைக்குப் போகக் கூடாது என்று அவர்களுடைய உறவினர் தடுத்திருந்தால், உயிர்த்த ஞாயிறு நமக்கு யாரால் வந்திருக்கும்?

நம் மதத்தவர் அல்லாத பிள்ளைகளும் அவ்வகுப்பில் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அவர்களுக்கும் இது அந்நியமான காரியமன்று. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி, அவன் பெயரைக் கல்லில் எழுதி நின்று வணங்கிய நாடு இது. மதுராந்தகத்தை அடுத்த சானூரில் 1950-களின் தொடக்கத்தில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது வெளிப்பட்டவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். செங்கற்பட்டுச் சீமையின் பழமையைத் தோண்டிப் பார்த்தால் முதலில் கைக்குத் தட்டுப்படுவது, முன்னோர் தம் இறந்தோரைக் கனம்பண்ணிய கற்களே. அந்தக் கற்களைக் காணக் கூடாது என்று பிள்ளைகளைத் தடுப்பது எந்த மரபைக் காக்கும்?

மூன்றாவது காரணம், "பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கட்டுமே" என்பது. மகிழ்ச்சிக்கு நான் விரோதியல்லன். விளையாட்டரங்கத்திற்கு அவர்கள் அவசியம் செல்லட்டும். அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதுகையில் ஓட்டக்களத்தையும் குத்துச்சண்டையையும் எடுத்துக்காட்டினார். கொரிந்துக்கு அருகில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்த இஸ்த்மியப் போட்டிகளை அச்சபையார் நன்கு அறிந்திருந்தனர். அங்கே வெற்றி பெற்றவன் தலையில் சூடிய இலைக் கிரீடம் சில நாளில் வாடிப்போகும் என்பதையும் அறிந்திருந்தனர். ஆகவே விளையாட்டரங்கத்தைக் கண்டு சபை முகஞ்சுளிக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே சென்று பிள்ளைகள் எதைக் கண்டு திரும்புகிறார்கள்? விளம்பரப் பலகைகளையும், வீரர்களின் படத்தருகே நின்று எடுத்துக்கொண்ட தற்படங்களையும் மட்டுமா?

சேப்பாக்கம் அவர்களுக்குச் சொல்லக் காத்திருக்கும் கதைகள் உண்டு. 1932-இல் தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடிய இந்தியா, இருபது ஆண்டுகள் வெற்றியென்பதையே அறியாமல் ஆடி, 1952 பிப்ரவரியில் இந்த மண்ணில்தான் இங்கிலாந்தைத் தோற்கடித்து முதல் வெற்றியைப் பெற்றது. அதே மண்ணில் 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தான் அணி 12 ஓட்டங்களில் இந்தியாவை வென்றது. கண்ணீரோடு இருந்த சென்னை மக்கள் எழுந்து நின்று, அரங்கத்தைச் சுற்றி ஓடிய அந்த எதிரணியைக் கைதட்டி வாழ்த்தினார்கள். பகைவரைச் சிநேகிப்பது எப்படியிருக்கும் என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய சேப்பாக்கத்தைச் சுட்டிக்காட்டலாம்.

அதைவிட முக்கியமான கதை ஒன்றுண்டு. அந்த ஆடுகளம் ஒருகாலத்தில் ஐரோப்பியருக்கே உரிய மதராஸ் கிரிக்கெட் கிளப்பின் களமாக இருந்தது. நாட்டின் மக்களுக்கு அதன் பெவிலியனுக்குள் இடமில்லை. அந்த அவமானத்தைப் பொறுக்காத புச்சிபாபு நாயுடு, இந்தியர்களும் தலைநிமிர்ந்து ஆடவேண்டும் என்று 1888-இல் மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்தார். ஐரோப்பிய அணியோடு இந்திய அணி சமமாக நின்று மோதும் போட்டிக்கு அவர் முயன்றார். அதைக் காணாமலே 1908-இல் மறைந்தார். பின்னர் அப்போட்டி பல ஆண்டுகள் பொங்கல் காலத்தில் நடந்தது. இன்று அந்தப் பெவிலியன் வாசலில் நிறம் பார்த்து யாரையும் நிறுத்துகிறவர் இல்லை. மனிதர் கட்டிய ஒரு சுவர் விழுந்தது. அது தானாக விழவில்லை. அதை அநீதி என்று சொல்லத் துணிந்தவர்களால் விழுந்தது.

பிரியமானவர்களே, இந்தக் கதையோடு பிள்ளைகள் கல்லறைக்குச் செல்லவேண்டும் என்பதுதான் என் வாதம். விளையாட்டரங்கம் பாதிப் பாடம். மீதிப் பாடம் கல்லறையில் இருக்கிறது.

நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டம் 1952-இல் அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஒன்றுசேர்த்துப் பராமரிப்பதற்காக அமைந்த இடம் அது. அங்கே 850-க்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். முதல் உலகப் போரில் இறந்து, இந்தியாவின் பல மூலைகளில் அடக்கம் பண்ணப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் நினைவுச் சின்னமும் அங்கே நிற்கிறது. கற்களின் வரிசையைப் பிள்ளைகள் பார்க்கட்டும். தளபதிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற பேதம் அங்கில்லை. மரணத்தில் அனைவரும் சமம் என்பதை அந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையம் தன் கொள்கையாக முதல் உலகப் போரின் முடிவிலேயே ஏற்றது. கல்லில் பொறித்த வயதை ஒரு மாணவன் தன் வயதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தன் அண்ணன் வயதில் ஒருவன் அங்கே கிடப்பதை அவன் காண்பான். நாட்களை எண்ணும் ஞானத்திற்காக மோசே தொண்ணூறாம் சங்கீதத்தில் ஏறெடுத்த விண்ணப்பம் அப்போது அவனுக்கு விளங்கும். அதற்கு நீண்ட பிரசங்கம் தேவைப்படாது.

அதோடு ஆசிரியர் நிறுத்திவிடக் கூடாது. அந்தச் சமத்துவக் கொள்கையும் முழுமையாகக் காக்கப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2021-இல் அந்த ஆணையமே தன் குற்றத்தை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆசியர், ஆப்பிரிக்கரில் 45,000 முதல் 54,000 பேர் வரை வெள்ளையருக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. அவர்களுக்கும் மேலாக, குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை. அத்தொகை 3,50,000 வரை இருக்கக்கூடும் என்று அவ்வறிக்கை கூறியது. காலையில் கண்ட சேப்பாக்கம் அரங்கத்தின் இருக்கைகள் அனைத்தையும் மூன்று முறை நிரப்பக்கூடிய அளவு மக்கள், கல்லில் ஒரு பெயரும் இல்லாமல் மறைந்துபோனார்கள். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் தாங்களே போட்டுப் பார்க்கட்டும்.

சதுரங்கப்பட்டினமும் இப்படியே பேசும். வாணிகம் செய்ய வந்து இந்த மண்ணிலேயே மடிந்த டச்சுக்காரரின் கல்லறைகள் அவை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. செதுக்கு வேலைப்பாடு மிகுந்த கற்கள், இன்று நம்மில் எவரும் வாசிக்க இயலாத மொழி. இந்தக் கரையில் நெய்த துணியை அவர்கள் கடல்கடந்து விற்றார்கள். அதே நூற்றாண்டில் அதே கம்பெனி, சோழமண்டலக் கரையிலிருந்து பஞ்சத்தில் வாடிய மனிதரையும் அடிமைகளாக வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியது. கம்பெனியாருக்கு அழகிய கல்லறை உண்டு. கப்பலேறியவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. யாருக்குக் கல் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்கக் கற்ற பிள்ளை, வரலாற்றைப் படிக்கத் தொடங்கிவிட்டான்.

இங்கேதான் நம் எதிர்ப்பின் உண்மையான காரணத்துக்கு வருகிறோம். பயமும் தீட்டும் மகிழ்ச்சியும் வெளியே சொல்லும் காரணங்கள். கல்லறைகளைக் குறித்துக் கேள்வி கேட்கக் கற்ற பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வந்து, நம் கல்லறையைக் குறித்தும் கேட்குமே என்பதுதான் உள்ளே இருக்கும் காரணம்.

திருச்சி மேலப்புதூரில் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஒரே ஞானஸ்நானம் பெற்று, ஒரே அப்பத்தில் பங்குபெற்று மரித்த கிறிஸ்தவர்களை, சாதியின்படி இருபுறமாகப் பிரிக்க அதன் நடுவே சுவர் எழுப்பினார்கள். பத்திரிகைகள் அதைப் பலமுறை எழுதின. போராட்டங்கள் பல நடந்தன. இதைக் கத்தோலிக்கரின் குற்றமென்று சொல்லி நாம் கைகழுவ முடியாது. கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல், சீர்திருத்தச் சபைகளுக்குள் சாதி வேற்றுமை உடனடியாக ஒழியவேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவதே மேல் என்று வெளியேறியவர்கள் உண்டு. அந்த மடல் எழுதி இருநூறு ஆண்டுகள் நிறையப் போகின்றன. நம் ஊர்களில் எத்தனை கல்லறைத் தோட்டங்களில் செங்கல் சுவர் இல்லாமலே அந்தச் சுவர் நிற்கிறது? இந்தத் தெருவாருக்கு இந்தப் பக்கம், அந்தத் தெருவாருக்கு அந்தப் பக்கம் என்று எழுதாத சட்டம் எத்தனை இடங்களில் ஆளுகை செய்கிறது? ஊர் முழுவதற்கும் ஒரே மயானம் வைத்திருக்கும் சிற்றூர்களுக்கு ஊக்கத்தொகை தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவிக்க நேர்ந்தது. இறந்தவர்களைச் சேர்ந்து புதைக்கும்படி பரிசு காட்டி வேண்டிக்கொள்ள வேண்டிய நாட்டில் நாம் வாழ்கிறோம். அந்தப் பரிசுக்கு முதலில் தகுதிபெற வேண்டியவர்கள் நாம் அல்லவா?

நடுவே நின்ற பிரிவினையின் சுவரைக் கிறிஸ்து தம் சரீரத்தினாலேயே தகர்த்தார் என்று எபேசு சபைக்குப் பவுல் எழுதினார். அவர் தகர்த்ததை மறுபடியும் கட்டுகிறவன் யாருக்கு ஊழியம் செய்கிறான்? வெள்ளையர் தம் பெவிலியனில் எழுப்பிய சுவர் விழுந்ததைக் கொண்டாடும் நாம், நம் கல்லறையில் நாமே எழுப்பிய சுவருக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் காலையில் அந்த விழுந்த சுவரையும் மாலையில் இந்த நிற்கும் சுவரையும் ஒரே நாளில் நினைத்துப் பார்த்தால் என்ன கேட்பார்கள் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் நீர் விளையாட்டுப் பூங்கா நமக்கு இத்தனை வசதியாகத் தோன்றுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது நியாயமான மறுப்பு. "சாதியை அறியாத பிஞ்சு மனத்தில் நீங்களே அதை விதைக்கிறீர்கள்" என்று சிலர் வருந்தி எழுதக்கூடும். அவர்கள் அறியாதிருந்தால் நானும் மௌனமாயிருப்பேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டதை மறந்துவிட்டோமா? அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைக்க வேண்டியதாயிற்று. கயிற்றின் நிறத்தைக் கொண்டு சாதியை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே கற்பிக்கப்பட்டுவிட்டது. அது பாவம் என்பதை மட்டுமே நாம் இன்னும் கற்பிக்கவில்லை. மௌனம் இங்கே பிஞ்சு மனத்தைக் காக்கவில்லை. கயிற்றைக் கட்டியவனைக் காக்கிறது.

யோர்தானைக் கடந்தபோது யோசுவா பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டச் செய்தார். எதற்காக? பின்வரும் நாட்களில் பிள்ளைகள் வந்து, இந்தக் கற்களின் பொருள் என்னவென்று கேட்பதற்காக. பிள்ளைகள் கேட்கவேண்டும் என்பதே கர்த்தருடைய திட்டம். கேள்வி எழாதபடி கற்களை மறைத்துவைப்பது நம் திட்டம். இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்கிறோம் என்று தீர்மானிக்க வேண்டிய வாரம் இது.

ஆகவே வெளிப்படையாகவே சொல்கிறேன். பெற்றோரே, பள்ளிக்குச் சென்று, கல்லறைகளை மீண்டும் பட்டியலில் சேர்க்கும்படி நீங்களே கேளுங்கள்; எதிர்த்துப் பேசிய அதே வாயால் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளைக் கற்களின் நடுவே ஓடவிட்டு அழைத்து வந்துவிடாதீர்கள். ஒவ்வொருவரும் ஒரு கல்லின் முன் ஐந்து நிமிடம் நின்று, அங்குள்ள பெயரையும் வயதையும் தம் ஏட்டில் எழுதச் செய்யுங்கள். பெயரில்லாதவர்களுக்காக ஒரு பக்கத்தை வெறுமையாக விடச் செய்யுங்கள். சபை மூப்பர்களே, பிள்ளைகள் திரும்பி வருமுன் நம் கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். யார் எங்கே புதைக்கப்படுகிறார் என்பதற்கு மரித்த நாளின் வரிசையைத் தவிர வேறெந்தக் காரணமாவது இருந்தால், அடுத்த சபைக் கூட்டத்திலேயே அதை நீக்குங்கள். பிள்ளைகள் கேட்கும்போது சொல்ல நம்மிடம் நேர்மையான ஒரு விடையாவது இருக்கட்டும்.

சிந்தனைக்கு: உங்கள் ஊர்க் கல்லறையில் உங்களுக்கு அடுத்த குழியில் யார் அடக்கம் பண்ணப்பட்டால் உங்கள் குடும்பம் மறுக்கும்? அந்தப் பெயரை எண்ணி, அந்த மனிதருக்காக இந்த வாரம் ஒவ்வொரு நாளும் ஜெபியுங்கள்.

ஜெபம்: கல்லறையை வெறுமையாக்கி எழுந்த ஆண்டவரே, மரணத்திலும் வேற்றுமை தேடும் எங்கள் இருதயத்தைச் சுத்திகரியும். எங்கள் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு நாங்கள் அஞ்சாதிருக்கவும், நீர் தகர்த்த சுவரை நாங்கள் மீண்டும் கட்டாதிருக்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். பெயரின்றி மண்ணில் மறைந்தோர் அனைவரையும் நீர் பெயர்சொல்லி அறிந்திருக்கிறீர் என்று விசுவாசிக்கிறோம். உயிர்த்த இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.